உலோகத்தின் முறையீடு

நம் சேலம், நாமக்கல் வட்டாரச் சந்தைகளிற் பானை கொள்வோர் அதனைச் சுண்டிப் பார்த்தே விலை பேசுவர். நற்பானை கணீரென ஒலிக்கும்; கீறல் விழுந்தது மங்கிய ஓசை தரும். இது நாம் வினவ, பொருள் விடையிறுப்பதாம். வினவாமலே தன் குறையை முறையிடும் பொருளும் உண்டோ எனின், உண்டு. தூய வெள்ளீயப் பட்டையைச் செவியருகே வளைப்பின் நெறுநெறுவென்னும் ஒலி கேட்கும். அதன் நுண்படிகங்கள் சட்டென நிலைமாறுவதால் எழுவது அவ்வொலி. மேலைநாட்டார் இதனை 'வெள்ளீயத்தின் அழுகை' என்பர்.

எஃகும் இங்ஙனமே முறையிடும். பாரந் தாங்காது உள்ளே கீறல் வளருங்கால், அடைபட்ட ஆற்றலின் ஒரு கூறு நுண்ணதிர்வாய் வெளிப்படும். இதுவே 'ஒலி உமிழ்வு' எனப்படும். மனிதச் செவி வினாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும்; இச்சோதனையிலோ பெரும்பாலும் 1,00,000 முதல் 3,00,000 வரையுள்ள அதிர்வுகளே நோக்கப்படும். ஆதலின், அழுத்தத்தால் மின்சாரம் பிறப்பிக்கும் படிகங்கள் அமைந்த கருவிகளைக் கலத்தின்மேற் பொருத்துவர். அதிர்வு எக்கருவியை முன்னும் எதனைப் பின்னும் சேர்ந்தது என்னும் கால வேற்றுமையால் கீறலின் இடம் புலப்படும்.

1950-இல் யோசப் கைசர் என்னும் ஜெர்மானியர், மூனிக் நகரில் அளித்த தம் ஆராய்ச்சியுரையில் ஓர் உண்மையை விளக்கினார். ஒருமுறை ஒரு பாரத்தைத் தாங்கிய உலோகம், அப்பாரம் மிஞ்சும்வரை மீண்டும் வாய்திறவாது என்பதே அது. மிஞ்சுமுன்னரே ஒலிக்குமாயின், இடைக்காலத்தில் ஊறு நேர்ந்ததென ஐயுறல் வேண்டும்.

இதனால் நம் நாட்டிற்குப் பயன் யாது? நாமக்கல், எரிவாயு ஏற்றும் டாங்கர் லாரிகளுக்குப் பேர்பெற்ற ஊர். அக்கலங்களில் குறித்த காலந்தோறும் நீர் நிரப்பி, வழக்கத்தினும் மிகுந்த அழுத்தமேற்றிச் சோதிப்பர். பழைய பாரம் மிஞ்சும் அவ்வேளையே உலோகம் பேசுதற்குரிய வேளை. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி நிலையத்தார், பெரிய உருண்டை வாயுக்கலங்களின் நீரழுத்தச் சோதனையில் இம்முறையைக் கையாண்டுள்ளனர்.

எனினும் இம்முறைக்கும் எல்லை உண்டு. வளராத கீறல் பேசாது. மழைத்துளியும் உராய்வும் பொய்ச்சான்று கூறும். கீறலின் அளவும் இதனால் நேரே விளங்காது. ஆகவே, இடமறிந்தபின் மீயொலி முதலிய பிற சோதனைகளும் வேண்டப்படும்.

இரவில் லாரியின் முன்னறையில் ஓட்டுநர் கண்ணயர்கிறார்; காலையில் அதனருகே சிறார் பள்ளிக்குச் செல்கின்றனர். கலம் வெடிக்கும் ஓசை எவர் செவிக்கும் எட்டும், அதனாற் பயனில்லை. அதற்கு முன்னெழும் மெல்லிய முறையீட்டைக் கேட்க முயல்வதன்றோ நம் கடன்!