எதிராளி கையில் என்ன சீட்டு? – ஒரு நிகழ்தகவுக் கணக்கு

மலரில் சீட்டாட்டக் கட்டுரையா என்று முகம் சுளிக்க வேண்டாம். பகடையையும் சீட்டையும் விட்டால் நிகழ்தகவுப் பாடத்துக்கு உதாரணமே கிடையாது. நம் திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் சாவு வீட்டில் விடிய விடிய ரம்மி நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டு கட்டு வைத்து ஆடும் 13 சீட்டு ரம்மியை எடுத்துக்கொள்வோம். நாம் இறக்கிய ஆட்டின் 7-ஐ எதிராளி எடுக்கிறார். ஏன்? ஆட்டினில் 5-6, 6-8, 8-9 இவற்றில் ஒரு ஜோடி அவரிடம் இருக்கலாம். ஒவ்வொரு சீட்டும் இரண்டு உண்டு. ஆகவே ஜோடிக்கு 4 வழி, மொத்தம் 12. இல்லையென்றால் இஸ்பேட், கிளாவர், டைமன் மூன்றில் இரண்டு 7 வைத்துச் செட் சேர்க்கிறார். அதுவும் 12 வழிதான். (ஜோக்கரை இப்போதைக்கு விட்டுவிடுவோம், தலை சுற்றும்!) பாதிக்குப் பாதி.

இப்போது ஒரு ஆட்டின் 8 நம் கையில், மற்றொன்று முன்பே கீழே போயாச்சு என்றால்? 6-8, 8-9 இரண்டும் செத்துப்போச்சு. வரிசைக்கு 4, செட்டுக்கு 12. நாம் ஆட்டின் 4-ஐ ஓரளவு தைரியமாக இறக்கலாம். இஸ்பேட் 7 வந்தால் மட்டும் விடக்கூடாது. எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான்தான் முதல். ஆனால் பள்ளிக்கூடமே போகாத என் மாமா இதை மனக்கணக்காகவே சொல்லுவார். எதிராளி முகத்தை அவர் பார்ப்பதே இல்லை, கீழே விழும் சீட்டைத்தான் பார்ப்பார். ஆபத்து என்று தெரிந்தால் 80 வாங்காமல் 40-லேயே டிராப் ஆகிவிடுவார்.

போக்கரிலும் இதே கதைதான். கையில் இரண்டு ஏஸ் அமைய 6 வழி. ஏஸும் கிங்கும் அமைய 16. மேசையில் ஒரு ஏஸ் விழுந்துவிட்டால் அவை 3, 12 ஆகிவிடும். வரம்பில்லாத ஆட்டத்தில் முன்னால் உள்ள மொத்தப் பணத்தையும் ஒரேயடியாகத் தள்ளலாம் என்பதால் கட்டும் தொகையும் ஒரு சேதி. நடுவில் 100 ரூபாய் கிடக்க, கடைசிச் சுற்றில் அவர் 100 கட்டுகிறார். நாமும் 100 போட்டால் ஜெயிப்பது 200, தோற்பது 100. மூன்றுக்கு ஒரு தடவையாவது அவர் வெறுங்கையோடு மிரட்டுபவரா? அதுதான் கேள்வி.

ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த மத்திய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடுவதையே தடை செய்தது. அதற்கு முன் செல்போன் ரம்மியில் ஃபீஸ் பணத்தை விட்டவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்குச் சீட்டுப் படிக்கத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். 16-க்கு 12 என்றால் மீதி 4-ம் நிஜந்தானே! அதோடு கமிஷன் வேறு. ஆளுக்கு 100 கட்டி இருவர் ஆடுகிறார்கள், ஆட்டத்துக்கு 10 ரூபாய் பிடித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்தால் 90 லாபம், தோற்றால் 100 போச்சு. நூறு ஆட்டத்தில் 52 ஜெயித்தவருக்குக் கிடைப்பது 4680, போவது 4800. எதிராளியை விட நன்றாக ஆடியும் 120 ரூபாய் நஷ்டம்.