கழுக்கோலில் ஒரு மேசை: அண்ணன் மகளுக்கு



பழைய மரத்தில் மேசை செய்ய முனைபவர், முதலில் படம் வரைந்துகொண்டு அதற்கேற்ற மரத்தைத் தேடுவது பொருந்தாது. கையிலிருக்கும் மரம் ஏற்கெனவே ஒரு வீட்டில் ஒரு வேலையைச் செய்து வந்தது என்பதால், அது எங்கே பொளிக்கப்பட்டிருக்கிறது, எங்கே ஆணி ஏறியிருக்கிறது, எந்தப் பக்கம் மழைபட்டு நைந்திருக்கிறது என்பவற்றைப் பார்த்த பிறகே படம் உருவாக வேண்டும். மகள் அனுப்பியிருக்கும் படம் இந்த வரிசையை மாற்றிப்போட்டிருப்பதாலேயே இக்கடிதம் எழுதப்படுகிறது. படம் அழகாகவே இருக்கிறது. அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கூடவே வந்த புகைப்படத்தில், பால்கனித் தரையில், பல் வைத்த வட்டத்தகடு பூட்டிய கட்டிங் மெஷின் ஒன்று கிடப்பதைப் பற்றிப் பின்னால் எழுதப்படும்.

தாத்தாவின் வீட்டைப் பிரித்தபின் இங்கே தொழுவத்தில் எஞ்சியிருப்பவை அயனிக் கழுக்கோல்கள் சிலவும், பலாவில் அறுத்த மச்சுப் பலகைகள் சிலவும் மட்டுமே. கழுக்கோல் என்பது கூரையின் மோட்டிலிருந்து, சுவர்மேல் கிடக்கும் உத்தரம் வரை சரிந்து இறங்கும் சட்டம். அதன் முதுகில் குறுக்கே அறையப்பட்டு ஓடு தாங்கும் மெல்லிய சட்டம் பட்டியல். கழுக்கோல்களின் பக்கவாட்டில் ஒரே மட்டத்தில் பொளித்த துளைகளின் வழியே நுழைந்து, அவற்றை வரிசையாகக் கோத்துப் பிடிக்கும் நீள் சட்டத்துக்கு வளை என்று பெயர். ஆகவே தொழுவத்திலுள்ள ஒவ்வொரு கழுக்கோலிலும், நான்கு அங்குல முகத்தில் தொடங்கி இரண்டு அங்குலக் கனத்தை ஊடுருவிச் செல்லும் சதுரத் துளை ஒன்று உண்டு. மகளின் படம் இந்தத் துளையைக் குறையாகக் கருதி, அது வராத பகுதிகளை மட்டும் இரண்டுக்கு இரண்டாகக் கிழித்து நான்கு கால்கள் எடுக்கிறது.

அந்த வீட்டின் கூரைச் சட்டங்கள் துளையாலும் மர ஆணியாலும் நின்றவை. மர ஆணிகளைத் தட்டியெடுத்தால், ஏற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் ஒவ்வொன்றாக இறக்கக்கூடிய கூரை அது. வீட்டைப் பிரிப்பதென்று முடிவானபோது, தேக்கில்லாத மரத்துக்கு யார் கூடுதல் விலை தருவார் என்று கூறப்பட்டு, கூரை முழுவதும் கொத்தாக ஒரு வியாபாரிக்கு விலைபேசப்பட்டது. கொத்தாக வாங்கியவருக்கு ஆள்கூலி மிச்சமாக வேண்டும் என்பதால், வளைகள் துளைகளிலிருந்து உருவப்படாமல், கழுக்கோல்களுக்கு இடையிலேயே ரம்பத்தால் அறுக்கப்பட்டன. தேக்கைப் பற்றி அவ்வாறு கூறியவர் யார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், அண்ணனுக்கும் தெரியும். பலாவும் அயனியும் தேக்குக்குத் தாழ்ந்தவை என்ற எண்ணத்துக்கு விடை வேண்டுமானால், பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் செதுக்கி நிறுத்திய தூணைப் போய்ப் பார்க்கலாம். (1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பிறகும் அவ்வரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது; அங்கே பலாவை எவரும் கொத்தாக விலைபேசவில்லை.)

மகள் கழுக்கோலைக் கையில் எடுக்கும்போது, அறுபட்ட வளையின் துண்டு சில துளைகளுக்குள் இன்னும் இறுகியிருக்கும். அதன்மேல் துளையைவிடச் சிறிய மரத்துண்டு ஒன்றை வைத்து, ஆசாரிமார் பயன்படுத்தும் மரச்சுத்தியலான கொட்டாப்புளியால் தட்டினால், துளையின் வாய் சிதையாமல் துண்டு முழுதாக வெளியே வரும். அவ்வாறு வெறுமையான துளை, மேசைக்குத் தேவையான பொருத்து ஏற்கெனவே பாதி முடிந்த நிலையாகும். கழுக்கோலைக் கிழிக்காமல் நான்கு அங்குல அகலத்திலேயே விட்டு, துளை தரையிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி உயரத்தில் வருமாறு இரண்டு கால்கள் அறுத்து, ஒவ்வொன்றையும் அடியில் ஒரு பாதக்கட்டையிலும் மேலே ஒரு தாங்குகட்டையிலும் கழுந்து விட்டுப் பொருத்தினால் இரண்டு நிலைகள் அமையும். கழுந்து எனப்படுவது, மற்றொரு மரத்தின் துளையில் புகுவதற்காகச் சட்டத்தின் முனையில் செதுக்கி விடும் நாக்கு. இரு கால்களின் துளைகளிலும் ஒரே நீள் சட்டம், முன்பு வளை ஓடிய அதே வழியில் ஓடி, காலின் வெளிப்புறம் மூன்று அங்குலம் நீண்டு, அங்கே ஓர் ஆப்பால் இறுக்கப்படும். இங்கே புதிதாகச் செய்பவர் பெரும்பாலும் தவறுவது ஓர் இடத்தில்தான்: ஆப்பு இறங்கும் துளையின் உள்விளிம்பு, காலின் வெளிமுகத்துக்கு நேராக நிற்காமல், நூலளவு காலுக்குள் ஒளிந்திருக்க வேண்டும், நேராக நின்றால் ஆப்பு தன் துளையிலேயே முட்டிக்கொண்டு காலை இழுக்காது, மேசை ஆடும். ஆப்புக்கு அப்பால் மிஞ்சும் மரம் ஓர் அங்குலத்துக்குக் குறைந்தால் முனை பிளந்துவிடும்.

வாடகை வீடு மாறுபவர்களுக்கு இவ்வமைப்பின் பயன் வெளிப்படை. பதினொரு மாத ஒப்பந்தங்களுக்கிடையே மேசையை மாடிப்படியில் சாய்த்துச் சுமக்க வேண்டியதில்லை. இரண்டு ஆப்பைத் தட்டினால் நிலைகள் கழன்று தட்டையாகும். இரும்புத் திருகும் எல் வடிவத் தகடும் கழற்றக்கூடியவை அல்லவா என்று கேட்கப்படலாம். ஒருமுறை கழற்றலாம், இரண்டாம் முறை அதே துளையில் திருகு பிடிமானம் இழக்கும், மூன்றாம் முறை பக்கத்தில் வேறு துளை போட வேண்டியிருக்கும்.

மேற்பலகைக்கு மச்சுப் பலகைகள் போதும். போதாவிட்டால் பெங்களூரில் மலிவாகக் கிடைக்கும் பேலட் மரத்தைச் சேர்க்கலாம் என்று மகள் எழுதியிருப்பதில், முத்திரையைப் பார்த்து வாங்குவது மட்டுமே முக்கியம்: எச்டி என்பது மரத்தின் உள்மையம் 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதைக் குறிக்கும், எம்பி என்பது மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை காட்டப்பட்டதைக் குறிக்கும், பின்னது வீட்டுக்கு வேண்டாம். பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்ட ஃபெவிகால் போடுவதில் சித்தப்பாவுக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒட்டிய மேற்பலகையைத் தாங்குகட்டையோடு அசையாமல் பூட்டிவிடக் கூடாது. மரம் நீளவாட்டில் அநேகமாகச் சுருங்குவதில்லை, குறுக்கே காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். ஒன்றரை அடி அகலப் பலகை ஆண்டுக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்வரும், அதைத் தடுத்தால் வெடிக்கும். ஆகவே பலகையின் அடியில், வாயில் குறுகி உள்ளே அகன்ற காடி ஒன்றை ஒவ்வொரு தாங்குகட்டைக்கும் குறுக்கே வெட்டி, அதே வடிவில் செதுக்கிய தாங்குகட்டையின் மேல்விளிம்பை அதில் பசையின்றி உள்ளே செலுத்த வேண்டும். கடலோரத் தொழுவத்தில் கிடந்த மரம் பெங்களூரின் வறண்ட காற்றுக்குப் பழக வேண்டும் என்பதால், வந்திறங்கியதும் அறுக்காமல், இடையில் குச்சி வைத்து அடுக்கி, இரண்டு மாதமாவது அறைக்குள் விட்டுவைப்பது நல்லது.

பலகைகளின் அடிமுகத்தில் பச்சை எனாமல் இருக்கிறது. அந்த வண்ணத்தைத் தேர்ந்தவரைப் பற்றியும் இங்கே எழுதவேண்டியதில்லை. வீட்டு வண்ணப்பூச்சில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்தப் பூச்சு அதற்குப் பல ஆண்டு முந்தையது. ஆகவே அதை உப்புத்தாள் போட்டுத் தூளாக்காமல், நனைத்துச் சுரண்டி, முகக்கவசத்தோடு வேலை செய்து, சுரண்டியதைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்த வேண்டும்.

இனி, அந்தக் கட்டிங் மெஷின். அது கல்லும் இரும்பும் தேய்ப்பதற்காக அமைந்த கருவி. மரம் அறுக்கும் பல்தகட்டை அதில் பூட்டினால், பல் எங்கேனும் சிக்கிய கணத்தில் கருவி முழுவதும் பிடித்தவரை நோக்கித் துள்ளும். கழுக்கோலின் முதுகில் பட்டியல் அறைந்த இரும்பாணிகள் தலை உடைந்து உள்ளேயே கிடக்கின்றன. ஆணி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், இரும்பின் துரு மரத்தின் துவர்ப்போடு கலந்து உண்டாக்கிய கருவளையம் தெரியும். காந்தம் ஒன்றை முதுகு நெடுக நகர்த்தினாலும் சிக்கும். ஆனால் இவையெல்லாம் கவனத்தோடு இருப்பவருக்கான வழிகள், கவனம் இரவு ஒரு மணிக்கு யாரிடமும் இருப்பதில்லை, புகைப்படம் வந்த நேரம் அதுதான். விரல் பத்துதான் இருக்கின்றன. கைரம்பத்தில் ஒரு கழுக்கோலை அறுக்கக் கால்மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

எந்த வழி என்பது முழுக்க மகளின் விருப்பம். அதில் சித்தப்பா தலையிடப்போவதில்லை. நான்கு கால்களும் இரும்புத் தகடும் வைத்துச் செய்யலாம், அப்படிச் செய்தால் கழுக்கோலின் பாதி விறகாகும், கட்டிங் மெஷினும் தேவைப்படும். அல்லது தாத்தாவின் ஆசாரி பொளித்த துளையிலேயே ஆப்பு வைத்துச் செய்யலாம். இரண்டும் மேசைதான்.

நல்ல கழுக்கோல்களாகப் பார்த்து மூன்றும், புழுவரித்த ஓரங்கள் நீக்கிய பலகைகளும் அடுத்த வாரம் லாரியில் ஏற்றப்படும்; கூலி இங்கேயே கொடுக்கப்பட்டுவிடும். கூடவே தீட்டி வைத்த இரண்டு உளிகளும், இழைப்புளியும், கொட்டாப்புளியும், சித்தி வறுத்த நேந்திரங்காய் உப்பேரியும் வரும். மகள் சிறுவயதிலிருந்தே எடுத்ததை முடிக்காமல் விட்டதில்லை என்பது சித்தப்பாவுக்குத் தெரியும், மேலே நீளமாக எழுதியதெல்லாம் தேவையில்லாமலும் இருக்கலாம். கால் நான்கானாலும் இரண்டானாலும், ஆடினாலும் ஆடாவிட்டாலும், பெங்களூர் வரும்போது சித்தப்பா அந்த மேசையில்தான் சாப்பிடுவார். அப்பாவையும் அழைத்து வருவதாக இருக்கிறார். பயணச்சீட்டு இருவருக்கும் சேர்த்தே எடுக்கப்படும்.

என்றும் அன்புடன்,
சித்தப்பா