அடக்கப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

இங்கிலாந்துக் குடும்பங்களுக்கு அவர்களுடைய முன்னோரைத் தேடித் தருவது இன்று ஒரு முழுநேரத் தொழில். பழைய பங்குப் பதிவேடுகளில் பல இணையத்துக்கு வந்துவிட்டதால், சென்னையில் உட்கார்ந்தே வேலையின் பெரும்பகுதியை முடிக்கலாம். புதிதாக வருபவர்கள் ஞானஸ்நானப் பதிவைக் கண்டதும் வம்ச மரம் வரையத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் அதே பங்கின் அடக்கப் பதிவேட்டைப் பார்த்துவிடுங்கள்.

குழந்தைச் சாவு மலிந்திருந்த காலம் அது. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பதும் சகஜம். 1721இல் ஞானஸ்நானம் பெற்ற வில்லியம், மறு ஆண்டே அடக்கமாகியிருக்கலாம். 1724இல் அதே பெற்றோருக்கு இன்னொரு வில்லியம். முதல்வனைப் பிடித்துக்கொண்டால் முன்னோரின் வயதே பிசகிவிடும். அவன் வேறொரு குடும்பத்துப் பிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம், அவனுக்கு மேலே எழுதிய தலைமுறைகள் அத்தனையும் பொய். காசு கொடுத்தவர் அதைத்தான் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டுவார்.

பதிவேட்டில் இருப்பது அடக்கம் செய்த தேதி. அதை இறந்த தேதி என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

தாமஸ் கிராம்வெல் 1538இல் பிறப்பித்த ஆணையால்தான் பங்குதோறும் பதிவேடு வந்தது. தாளில் எழுதியதைத் தோல் ஏட்டில் பெயர்த்தெழுதச் சொன்னது 1598இல். எலிசபெத் அரியணை ஏறிய 1558இலிருந்து எழுதினால் போதும் என்ற சலுகையும் இருந்ததால், பல ஏடுகள் அந்த ஆண்டில்தான் தொடங்குகின்றன. ஆண்டுதோறும் பிஷப்புக்கு ஒரு நகல் அனுப்பும் கட்டாயமும் அப்போது வந்தது. மூல ஏடு செல்லரித்திருந்தால் அந்த நகல் கைகொடுக்கும். மூலம் நன்றாக இருந்தாலும் இரண்டையும் ஒப்பிடுவது நல்லது. ஒன்றில் விட்டுப்போனது மற்றதில் இருக்கும்.

பழைய பதிவுகள் பெரும்பாலும் ஒற்றை வரிதான்: பெயர், தேதி. அப்பனா மகனா என்றுகூடத் தெரியாது. ஆனால் ஓரத்துக் குறிப்புகளை விடாதீர்கள். பிணத்துக்குக் கம்பளித் துணிதான் சுற்ற வேண்டும் என்று 1678இல் ஒரு சட்டம் வந்தது. கம்பளி வியாபாரத்தைக் காப்பாற்றுவதற்காக. எட்டு நாளுக்குள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தவறினால் 5 பவுன் அபராதம். அபராதம் கட்டி லினனிலேயே அடக்கம் செய்திருந்தால் அது வசதியான வீடு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி, ஏழைகளுக்கு விலக்கு. அந்த ஆண்டுகளில் பெயருக்குப் பக்கத்தில் 'பி' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் குடும்பம் பரம ஏழை என்று கொள்ளலாம். வயதுகூட இல்லாத வரியிலிருந்து ஒரு வீட்டின் நிலைமை தெரிவது இந்த வேலையின் பெரிய நிறைவு.

1813இலிருந்து அச்சடித்த படிவம்: பக்கத்துக்கு எட்டுப் பதிவு, பெயர், ஊர், அடக்க நாள், வயது, சடங்கு நடத்திய குருவானவர். வயது மற்றவர்கள் சொல்லி எழுதியது. சில ஆண்டுகள் முன்பின் பாருங்கள்.

தேதியில் ஒரு பொறி உண்டு. 1752க்கு முன் அங்கே ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. ஏட்டில் 1700 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1701. '1700/01' என்றே குறித்துக்கொள்ளுங்கள்; இல்லையென்றால் செத்தவர் அதற்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டதாக வரும்.

ஃப்ரீரெக், ஃபேமிலிசர்ச் இரண்டும் இலவசம். அங்கே கிடைக்கும் அட்டவணை வழிகாட்டி மட்டுமே. ஏட்டின் படத்தைப் பார்க்காமல் எதையும் உறுதி செய்யாதீர்கள். படம் இல்லையென்றால் கவுண்டி ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவு இருக்கிறது. அதன் இணைய அட்டவணையில் இறந்தவர் வயதும் உண்டு. ஆள் அகப்படவில்லையா? பக்கத்துப் பங்குகளைப் பாருங்கள், பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் தேடுங்கள், ஆங்கிலிக்கன் சபையில் சேராதவர்களின் இடுகாடுகளையும் பாருங்கள். தேடியும் ஆள் கிடைக்காத ஏடுகளையும் ஆண்டோடு அறிக்கையில் எழுதுங்கள். அந்த உழைப்புக்கும் சேர்த்துத்தான் கட்டணம்.

ஊரில் அடக்கமே காணாத ஒருவர் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குக் கப்பலேறியவராகவும் இருக்கலாம். சென்னை மாகாணத் தேவாலயங்களின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்குப் போயின. பிரிட்டிஷ் நூலகத்தில் அவை 'என்/2' வரிசை. சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மரியாள் தேவாலயத்தின் அடக்கங்களை அதில் தேடுங்கள்.