ராத்திரி இருமல்: குழந்தை உள்ள வீட்டுக்குப் பயனுள்ள குறிப்புகள்

பகல் முழுக்க ஓடியாடிய பிள்ளை, படுக்கையில் சாய்ந்த அரை மணி நேரத்தில் இருமத் தொடங்கும். ஐப்பசி மழையில் ஆரம்பித்துத் தைப்பனி விலகும்வரை, சின்னப் பிள்ளை உள்ள பல வீடுகளில் இதே பாடுதான். காலையில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். அவற்றில் சில நன்மை செய்யும், சில ஒன்றும் செய்யாது, சில பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. இந்த மூன்றாவது வகையைத்தான் முக்கியமாக மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. இருமல் தொடங்கிய தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். காய்ச்சலும் மூக்கொழுகலும் நின்ற பிறகும் இருமல் தங்கிப்போகும். பாதிக் குழந்தைகளுக்கு அடங்குவதற்கே 10 நாள் ஆகிறது. பத்தில் ஒன்பது பேருக்கு 25 நாளுக்குள் சரியாகிவிடும். பால்வாடிக்கோ பள்ளிக்கோ போகத் தொடங்கிய பிள்ளைக்கு வருஷத்தில் ஆறேழு தடவை சளி பிடிப்பது சகஜம். அதனால் “ஒரு மாசமா இருமுறான்” என்று நாம் சொல்வது, அடுத்தடுத்து வந்த இரண்டு சளியாகக்கூட இருக்கலாம். நடுவில் நாலு நாளாவது இருமல் இல்லாமல் இருந்தானா என்று யோசித்துப் பாருங்கள். இடைவெளியே இல்லாமல் 4 வாரம் தாண்டினால் காரணத்தைத் தேடியாக வேண்டும்.

2. மூக்கைக் கவனியுங்கள். படுத்ததும் இருமல் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் நெஞ்சில் இல்லை. மூக்கிலிருந்து வழியும் சளி தொண்டையின் பின்புறம் இறங்கித் தேங்குகிறது, அதை வெளியே தள்ளத்தான் பிள்ளை இருமுகிறது. மெடிக்கலில் மூக்குக்கான சலைன் சொட்டு மருந்து என்று கேளுங்கள். அது வெறும் உப்புத் தண்ணீர்தான், விலையும் குறைவு. மூக்கடைப்பைத் திறக்கும் மற்றச் சொட்டு மருந்துகள் வேறு ரகம், அவற்றை மருத்துவர் சொல்லாமல் சின்னக் குழந்தைக்குப் போடக்கூடாது. பாட்டிலை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் குளிர்ச்சி போகும். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு மூன்று சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழித்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். இளகி வருவதை மெல்லிய பருத்தித் துணியால் துடைத்தால் போதும். பால் கொடுக்கும் முன்பும் தூங்கும் முன்பும் இதைச் செய்யலாம்.

3. ஒரு வயது முடிந்த பிள்ளைக்குத் தேன் கொடுக்கலாம். நம் வீட்டு வைத்தியங்களில் ஆராய்ச்சியிலும் தேறி வந்தது இது. 2012-ல் இஸ்ரேலில் ஒன்று முதல் ஐந்து வயதுவரை உள்ள 300 குழந்தைகளை வைத்துச் சோதித்தார்கள். படுக்கப்போகும் முன் தேன் சாப்பிட்டவர்கள், பேரீச்சம்பழச் சாறு சாப்பிட்டவர்களைவிடக் குறைவாக இருமி, நன்றாகத் தூங்கினார்கள். ஐந்து வயதுவரை அரை டீஸ்பூன், அதற்கு மேல் ஒரு டீஸ்பூன், தூங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். பல் தேய்ப்பதைத் தேனுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டுகூட ஆகாது. பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைப்பதும் இதில் அடக்கம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, பச்சிளம் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். போட்டுலிசம் என்ற அந்த நோயில் குழந்தையின் தசைகள் தளர்ந்து, மூச்சுவிடவே முடியாத நிலை வரலாம். தேனைச் சுட வைப்பதால் அந்த வித்து சாகாது. “எங்க காலத்துல எல்லாருக்கும் வெச்சோம்” என்று சொல்லும் பாட்டியிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை மேல் அவருக்கும் அக்கறைதானே.

4. இளஞ்சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். வெந்நீர், ரசத் தெளிவு, பருப்புத் தண்ணீர், ஒரு வயது தாண்டியவர்களுக்குப் பனங்கற்கண்டு போட்ட மஞ்சள் பால் என எதுவானாலும் தொண்டைக்கு இதம். பால் குடித்தால் சளி கட்டும் என்று நிறுத்த வேண்டாம். பால் சளியை உண்டாக்குவதில்லை. தயிருக்கும் வாழைப்பழத்துக்கும் இதே பதில்தான். சளி நேரத்தில் ஏற்கெனவே பாதிச் சாப்பாடு சாப்பிடுகிற பிள்ளைக்கு, இருப்பதையும் குறைத்தால் எடைதான் இறங்கும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். மூக்கடைப்பில் ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

5. இருமல் சிரப் வாங்காதீர்கள். “அண்ணா, மூணு வயசுப் புள்ள, ராத்திரியெல்லாம் இருமுது, நல்ல சிரப்பா ஒண்ணு குடுங்க” என்று மெடிக்கலில் போய் நிற்பதை நாம் கைவிட வேண்டும். சின்னப் பிள்ளைகளின் சளி இருமலை இந்தச் சிரப்புகள் சீக்கிரம் குணமாக்குவதாகச் சான்று இல்லை. “குடிச்சதும் நல்லாத் தூங்குறான்” என்று நாம் சந்தோஷப்படுவது, அதில் கலந்திருக்கும் அலர்ஜி மருந்து தரும் மயக்கத்தைப் பார்த்துத்தான். குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக்கூடாது என்று லேபிளிலேயே அச்சிட வேண்டும் என 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகமும் அறிவுறுத்தியது: 2 வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ விற்கவோ கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை.

அந்த அறிவுறுத்தலுக்குப் பின்னால் பெரும் துயரம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள். அந்தச் சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்த மாதிரியில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். அதற்கு மூன்று வருஷம் முன்பு, 2022-ல், ஆப்பிரிக்காவின் காம்பியாவில் இந்தியாவில் தயாரான சிரப்புகளால் எழுபது குழந்தைகள்வரை இறந்தபோதும் இதே வகை நஞ்சுதான் காரணம். சிரப்பைக் குழைவாக்கச் சேர்க்கும் கரைப்பான் தரமில்லாமல் இருந்தால் இந்த நஞ்சு கலந்துவிடுகிறது. நிறத்திலோ சுவையிலோ நம்மால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எந்தச் சிரப் குடித்த பிறகும் பிள்ளைக்குச் சிறுநீர் குறைந்து வாந்தி எடுத்தால், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கையும் கொடுக்க வேண்டாம். வைரஸால் வரும் சளிக்கு அது வேலை செய்யாது.

6. சூடத்தைத் தள்ளி வையுங்கள். தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது பல வீடுகளில் வழக்கம். 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு சூடமோ, அது கலந்த தைலமோ எதுவும் தடவக்கூடாது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் ஏறினால் வலிப்பு வரலாம். நீலகிரித் தைலமும் அப்படித்தான். இரண்டு வயதுக்கு மேல் தடவினாலும் நெஞ்சில் லேசாக மட்டும், மூக்குக்குக் கீழே வேண்டாம். சூட வில்லை பிள்ளையின் கண்ணுக்குக் கற்கண்டு மாதிரியே தெரியும் என்பதால், பூஜை அலமாரியில் கைக்கு எட்டாத தட்டுக்கு அதை இன்றைக்கே மாற்றுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

7. மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். தண்ணீர் புரையேறினால் பிள்ளை இருமித் தள்ளிவிடும். எண்ணெய் உறுத்தாது, அதனால் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும், சளி எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவதும் வேண்டாம். அழுகிற குழந்தையைப் படுக்கப்போட்டு, வாயைப் பிடித்துச் சங்கில் மருந்து ஊற்றினாலும் புரையேறும்.

8. ஆவி பிடிக்க வைக்காதீர்கள். போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரமும் துள்ளுகிற பிள்ளையும் சேர்ந்தால் தீக்காயம்தான்.

9. வீட்டுக்குள் புகையே வேண்டாம். சிகரெட், பீடி எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் புகை ஒட்டியிருக்கும். சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். நாம் கண்டுகொள்ளாதது கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் எரிந்தால் வரும் அளவுக்கு நுண்துகளை வெளியே விடுகிறது என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளையின் தலைமாட்டில் அதைத்தான் ஏற்றுகிறோம். கொசுவலை கட்டுங்கள். குளித்ததும் சாம்பிராணி காட்டுவதையும் இருமல் இருக்கும்வரையாவது நிறுத்துங்கள். தலையைத் துண்டால் துவட்டினாலே காய்ந்துவிடும். போகி அன்று விடிகாலையில் ஜன்னல்களைச் சாத்தி வையுங்கள்.

10. படுக்கையைப் பாருங்கள். மெத்தை, தலையணை, பொம்மை எல்லாவற்றிலும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிகள் வாழ்கின்றன. ஈரக்காற்று வீசும் கடற்கரை ஊர்களில் அவை இன்னும் செழிக்கும். உறைகளையும் போர்வையையும் வாரம் ஒரு முறை வெந்நீரில் துவையுங்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும் கரடி பொம்மையையும் சேர்த்துத் துவைக்கலாம். மின்விசிறி இறக்கைகளை ஈரத்துணியால் துடையுங்கள். பெரிய பிள்ளைக்குத் தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைக்கலாம். ஒரு வயதுக்குள் தலையணையே கூடாது, சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். மூக்கடைப்பு உள்ள நாட்களில் தூளியைவிடத் தரைப் படுக்கை நல்லது. தூளியில் தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி கழுத்து மடங்கும்.

11. இருமி இருமி வாந்தி எடுத்தால் பயப்படாதீர்கள். விழுங்கிய சளிதான் வெளியே வருகிறது, பல நேரம் அதன் பிறகே பிள்ளை தூங்கும். முன்பக்கம் சாய்த்துப் பிடித்து, வாயைத் துடைத்து, சிறிது நேரம் கழித்து மடக்கு மடக்காகத் தண்ணீர் கொடுங்கள். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடிப்பது உதவும்.

12. சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். நடுராத்திரியில் திடீரென்று குரல் கம்மி, நாய் குரைப்பது போல இருமினால் அது குரல்வளை வீக்கம், டாக்டர்கள் ‘குரூப்’ என்பார்கள். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரக் குளிர்காற்று கொஞ்சம் தணிக்கும். அமைதியாக இருக்கும்போதும் மூச்சை இழுக்கையில் கொர்ரென்று சத்தம் வந்தால் ஆஸ்பத்திரிதான். பெரும்பாலும் ஒரே வேளை ஸ்டீராய்டு மருந்தில் அடங்கிவிடும். மூச்சுவிடாமல் தொடர்ந்து இருமி, முடிவில் கூவுவது போல இழுத்தால் கக்குவானாக இருக்கலாம். கைக்குழந்தைக்கு அந்தச் சத்தம்கூட வராமல் மூச்சு நின்று நின்று போகும். 6, 10, 14 வாரத்தில் போடும் தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.

13. சளியே இல்லாமல் விளையாடும்போதோ சாப்பிடும்போதோ திடீரென்று தொடங்கிய இருமல் என்றால், வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் இறங்கியிருக்கலாம். சற்று நேரத்தில் இருமல் நின்றுபோனாலும் அது உள்ளேயே இருக்கக்கூடும். தொக்கம் எடுக்கிறவரிடம் தூக்கிப் போகாதீர்கள். அது வயிற்றில் இல்லை.

14. மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். பிள்ளை அழாமல், முடிந்தால் தூங்கும்போது, சட்டையை நெஞ்சுக்கு மேல் தூக்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். வயிறு ஒரு தடவை ஏறி இறங்கினால் ஒன்று. 2 மாதத்துக்குக் கீழே 60-ம் அதற்கு மேலும், 2 முதல் 12 மாதம்வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுவரை 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சு, நிமோனியாவின் அடையாளம். விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து இழுப்பது, மூக்கு விடைப்பது, உதடு நீலமாவது, பால் குடிக்க முடியாமல் போவது, எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவளுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இருமலோடு காய்ச்சல் இருந்தால், வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

15. சளி போன பிறகும் விடிகாலையில், ஓடினால், சிரித்தால், தூசி பட்டால் இருமுகிற பிள்ளைக்கு வீசிங் இருக்கலாம். “இன்ஹேலர் பழகிட்டா விடாது” என்ற பயத்தில் பெற்றோர் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள், பிள்ளை தூக்கத்தையும் பள்ளியையும் இழக்கிறது. இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. மருந்து நேரே நுரையீரலுக்குப் போவதால், வாய்வழி மருந்தைவிடக் குறைந்த அளவே போதும். சின்னப் பிள்ளைக்கு இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாயும் மாஸ்க்கும் கட்டாயம். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளியில்லாமல் மூட வேண்டும், ஒரு அழுத்துக்குப் பிறகு ஐந்தாறு மூச்சு விடட்டும். ஸ்பேசரை வாரம் ஒரு முறை சோப்புத் தண்ணீரில் முக்கியெடுத்து, துடைக்காமல் அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் மருந்து குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

16. இரண்டு வாரம் தாண்டிய இருமலோடு விடாத காய்ச்சலோ எடைக்குறைவோ இருந்தாலும், வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்தாலும் மறைக்காமல் சொல்லிப் பரிசோதனை செய்யுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

17. இருமும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ராத்திரியெல்லாம் இருமிய பிள்ளை டாக்டர் அறையில் ஒரு தடவைகூட இருமாது. விளக்கைப் போட்டு, முகமும் நெஞ்சும் தெரிகிற மாதிரி ஒரு நிமிஷம் எடுத்தால் சத்தமும் மூச்சிழுப்பும் இரண்டும் பதிவாகிவிடும். அதோடு இருமல் தொடங்கிய தேதி, தடுப்பூசி அட்டை, இதுவரை கொடுத்த மருந்துகளின் பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.