ஷரீஅத்தைச் சட்டமாக எழுதுவது பற்றி

ஷரீஅத்தை அரசாங்கச் சட்டமாக எழுதிவிட்டால் குழப்பமெல்லாம் தீரும் என்கின்றனர் சிலர். எழுதவே கூடாது என்கின்றனர் வேறு சிலர். இதனை நாம் நிதானமாக ஆராய வேண்டும்.

இவ்விவாதம் மிகப் பழையது. கலீஃபா மன்சூர் 'முவத்தா'வை எல்லா ஊர்களுக்கும் ஒரே சட்டமாக்க நாடியபோது, அதைத் தொகுத்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்களே இணங்கவில்லை என வரலாற்றில் காண்கிறோம். ஸஹாபாக்கள் பல ஊர்களிலும் பரவி இல்மைக் கற்பித்தார்கள். அந்தந்த ஊரார் தமக்குக் கிடைத்தபடி அமல் செய்யட்டும் என்பது அவர்களது கருத்து. பிற்காலத்தில், 1869 முதல் 1876 வரை, உதுமானிய அரசு ஹனஃபி ஃபிக்ஹின் கொடுக்கல் வாங்கல் சட்டங்களை 'மஜல்லா' என்ற பெயரில் 1,851 பிரிவுகளாகத் தொகுத்தது. நீதிபதிகளுக்கு அது பெரும் உதவியாயிற்று.

நம் நாட்டில் நடந்ததென்ன? கணவன் காணாமற்போன பெண், ஹனஃபி மத்ஹபின்படி அவன் வயதொத்தவர்கள் மரணிக்கும் காலம் வரை காத்திருக்க வேண்டும். துன்பம் தாளாமல், நிகாஹ் முறியட்டும் என்று மார்க்கத்தையே துறந்த பெண்களும் இருந்தனர். இதைக் கண்டு வருந்திய மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள், இவ்விஷயத்தில் மாலிக்கி மத்ஹபின் தீர்ப்பை ஏற்கலாமென விளக்கி நூலெழுதினார்கள். உலமாக்களின் முயற்சியும் சேர்ந்து, 1939-ல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இயற்றப்பட்டது. நான்கு ஆண்டுகள் கணவனைப் பற்றித் தகவலே இல்லாவிட்டாலும், இரண்டு ஆண்டுகள் அவன் ஜீவனாம்சம் தராவிட்டாலும் மனைவி நீதிமன்றத்தை நாடலாம்.

இச்சட்டத்தால் எத்தனையோ பெண்களுக்கு வழி பிறந்தது. ஆனால் தீர்ப்பளிப்பவர் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்று உலமாக்கள் கோரிய நிபந்தனை அதில் இடம்பெறவில்லை. ஆகவே, நீதிமன்றத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே, "நான் மறுமணம் செய்வது கூடுமா?" என்று ஆலிம்களிடம் கேட்கும் நிலை ஏற்படுகிறது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? எழுதப்பட்ட சட்டம் அவசியமே. எனினும், அதை அறிந்து தீர்ப்பளிப்போர் இல்லையேல் அது பாதிப் பயனே தரும். காழி இல்லாத இடத்தில், மார்க்கப் பற்றுள்ள நேர்மையாளர்களின் ஜமாஅத் விசாரித்து ஃபஸ்கு செய்யலாமென்பதையும் தானவி (ரஹ்) அவர்கள் அதே நூலில் காட்டியுள்ளார்கள். எனவே மஹல்லா ஜமாஅத்தினர் ஆலிம்களைக் கூட்டி, இப்பெண்களின் முறையீட்டைத் தாமதமின்றிக் கேட்பது கடமையாகும். அவளை ஆண்டுக்கணக்கில் அலையவிட்டுவிட்டு ஷரீஅத்தைப் பாதுகாக்கிறோம் என்று மேடையில் பேசுவதில் பொருளில்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நீதியுடன் நடக்கும் தௌஃபீக்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.