இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தை ஆராய்ந்தறிதல்

குணமாகா நோயுற்ற பெரியோரை ‘ஹாஸ்பைஸ்’ எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் நிலை நம் குடும்பங்களிலும் நேர்கிறது. அவ்வில்லத்தின் தகுதியை அறிவது எங்ஙனம்? கட்டடத்தையும் தோட்டத்தையும் கண்டு மயங்க வேண்டா. முதற்கண் வினவ வேண்டியது, கடும் வலி தணிக்கும் மார்ஃபின் அங்கு இருப்பில் உள்ளதா என்பதே. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் நோயாளர்க்கு அரிதாகிப்போன மருந்து அது. 2014இல் செய்த திருத்தத்தால் கட்டுப்பாடு தளர்ந்தது. எனினும் அதனை வைத்திராத இடங்கள் இன்றும் உள. வலி மீளுமுன்னரே குறித்த வேளையில் மருந்தளித்தல் வேண்டும் என்பது 1986இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த நெறி.

நமக்கே உரிய வினா இங்கேதான் எழுகிறது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே. இரவுண்ணா விரதம் பூண்ட மூதாட்டியார் நள்ளிரவில் மாத்திரையை மறுத்தால் செவிலியர் என் செய்வர்? வற்புறுத்திப் புகட்டுவரா? பிடிவாதம் என்று விட்டுவிடுவரா? இரண்டும் கொடுமையே. பன்னிரண்டு மணி நேரம் பயன்தரும் மாத்திரை உண்டு. காலையிலும் பொழுது சாயுமுன்னும் கொடுக்கலாம். மூன்று நாள் பயன்தரும் ஃபென்டனில் ஒட்டுப்பட்டையும் உண்டு. எது பொருந்துமென மருத்துவரே முடிவு செய்வார். ஆயினும் விரதத்தைக் கேட்டறிந்த பின்னன்றோ முடிவு செய்தல் இயலும்? சேர்க்கும் நாளில் அதனை வினவாது, படிவத்தில் கையொப்பம் மட்டும் வாங்கும் இல்லத்தை யான் பரிந்துரையேன்.

இசைவு பெற்று இரவு பத்து மணிக்குமேல் ஒருமுறை சென்று பாருங்கள். அழைப்பு மணி ஒலித்தால் யார் வருகிறார், எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.