ஈரல் நோய்க்கு மருந்து: முடிவு செய்வது யார்?



பாகான் செராய் பக்கத்துத் தோட்டங்களில் யாருக்காவது கண் மஞ்சளித்தால் நாம் முதலில் தேடுவது கீழாநெல்லியைத்தான். "பாட்டி காலத்திலேருந்து அரைச்சுக் குடிக்கிறோம், டாக்டருங்க மட்டும் ஏன் எழுதித் தரமாட்டேங்கிறாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

கீழாநெல்லியை டாக்டர்கள் சோதிக்காமல் விடவில்லை. 1988-இல் சென்னையில் பேராசிரியர் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் வேறு நாடுகளிலும் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஒரு மரத்தில் பால் நன்றாக வந்தது என்று தோட்டம் முழுக்க அந்தக் கன்றையே நடுவார்களா? பல நிரையில் நட்டுப் பார்த்த பிறகுதானே! வைத்தியமும் அப்படித்தான்.

இப்படி எடை போட்டு, டாக்டர்களுக்கு வழிகாட்டி எழுதுவது மருத்துவச் சங்கங்களின் வேலை. 1978-இல் தொடங்கிய ஆசிய பசிபிக் ஈரல் ஆய்வுச் சங்கம் அவற்றில் ஒன்று. நம் நாட்டு நிபுணர்களுக்கு மலேசிய குடல், ஈரல் மருத்துவச் சங்கம் இருக்கிறது. வழிகாட்டி உருவாகும் முறை இது:

1. நிபுணர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கப்படும். மருந்துக் கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

2. யாருக்கு மருந்து, எப்போது, எவ்வளவு காலம் என்று கேள்விகளை எழுதிக்கொள்வார்கள்.

3. வெளிவந்த ஆய்வுகளைத் தேடிப் படித்து, பால் வேறு ஒட்டுப்பால் வேறு என்று பிரிப்பதுபோல் தரம் பிரிப்பார்கள்.

4. ஆதாரம் பலமானால் "செய்க" என்றும், பலம் குறைந்தால் "செய்யலாம்" என்றும் எழுதுவார்கள்.

5. வெளி டாக்டர்கள் சரிபார்த்த பின் வெளியிடுவார்கள். புது ஆதாரம் வந்தால் திருத்துவார்கள்.

இந்தத் திருத்தம்தான் நமக்கு முக்கியம். நம் கூட்டு ஒப்பந்தம் காலம் முடிந்ததும் புதிதாகப் பேசப்படுகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

ஓர் உதாரணம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் ஹெப்பாடைட்டிஸ் பி வழிகாட்டியை வெளியிட்டது. ஈரல் சுருங்கியவர்களுக்கு மருந்து உண்டு. மற்றவர்களில், பொதுவாக 30 வயதுக்கு மேல், ஈரல் பரிசோதனை தொடர்ந்து சரியில்லாமல், ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் கிருமி 20,000 அலகுக்கு மேல் இருந்தால் மருந்து என்றது. 2024-இல் அந்த அளவை 2,000 ஆகக் குறைத்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் ஈரல் புற்றுநோய் கண்டவர்களுக்கும் கூட மருந்து தரலாம் என்று சேர்த்தது.

ஆகவே, "கிருமி இருக்கு, ஆனா மருந்து வேண்டாம்" என்று சில வருஷத்துக்கு முன் சொல்லப்பட்டவர்கள் சும்மா இருந்துவிடக் கூடாது. அன்று சொன்னது அன்றைக்குச் சரி, இன்று மாறியிருக்கலாம். பழைய இரத்தப் பரிசோதனைச் சீட்டோடு அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். "டாக்டர், இப்போதைய வழிகாட்டிப்படி எனக்கு மருந்து வேணுமா? அடுத்த சோதனை எப்போ?" என்று தயங்காமல் கேளுங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. ஈரல் திடீரென்று மோசமாகலாம்.

நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது. அதற்கு முன் பிறந்தவர்கள் ஒரு தடவையாவது இரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது. இந்தக் கிருமி ஈரலைக் கெடுக்கும்போது பெரும்பாலும் வலி தெரியாது. கண் மஞ்சளிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்!